உன் மாதுளை அப்பாவின் மடியில் வந்தது

மாதுளைக்காரி என் அம்மாவுக்கு,

நாளை கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்தாயிற்று. அவற்றோடு இந்தக் கடிதத்தையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அப்பா. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை நீ உட்கார்ந்து கேட்கவேண்டும். நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கக் கூடாது.

முதலில் நல்ல சேதி. அப்பா புது வீட்டுக்கு வந்துவிட்டார். திருமுல்கேரியில் மூன்றாம் மாடி. மத்தியானம் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உன் பச்சைப் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அந்தச் சத்தத்துக்காக நீயும் நானும் எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம்! இன்றைக்கு அது கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அடுத்த சேதிக்கு நீ திட்டுவாய். உன் மாதுளையை நான் போன்சாய் ஆக்கிவிட்டேன். ஆக்கிவிட்டேன் என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. தொடங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

உனக்குப் போன்சாய் என்றாலே ஆகாது என்று எனக்குத் தெரியாதா? பூங்காவில் நடந்த செடிக் கண்காட்சிக்கு நாம் இருவரும் போனோமே, அங்கே ஒரு தட்டில் ஆலமரம் இருந்தது. முழங்கை உயரம்கூட இல்லை, ஆனால் விழுதெல்லாம் விட்டு நின்றது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ நேராகக் கடைக்காரரிடம் போய், “இஸ்கு கானா தேத்தே கி நை, பாய்?” என்று கேட்டாய். இதற்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா என்று. அவர் சிரித்தார், நீ சிரிக்கவில்லை. கிளைகளைச் சுற்றியிருந்த கம்பியை எனக்குக் காட்டி, “கொழந்தைய கை கால கட்டிப் போட்டு வளக்கிறாப்பல கீது. பாவம்டீ” என்றாய். பஸ்ஸில் மல்காஜ்கிரி வந்து இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

அப்படிப்பட்டவளின் மரத்தில் நான் ஏன் கை வைத்தேன் என்று கேள்.

மல்காஜ்கிரி வீட்டைக் கட்டடக்காரருக்குக் கொடுப்பது நீ இருக்கும்போதே பேசி முடித்த விஷயம். சுவரெல்லாம் ஓதம், மழை வந்தால் சமையலறையில் குண்டான் வைத்து ஒழுகலைப் பிடிக்கவேண்டும். “போதும்டீ. சாவறதுக்குள்ள லிஃப்ட்டு வெச்ச வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்” என்று சொன்னதே நீதான். கடைசியில் லிஃப்டைப் பார்க்காமலேயே போய்விட்டாய்.

நீ போன பிறகு அப்பா பேச்சை மாற்றிவிட்டார். காலையில் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குப் போவார். உன் மாதுளைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் வெயில் சுடும்வரை எழுந்திருக்கமாட்டார். வீடு மாறும் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான்.

“மரம் வந்தா நானும் வரேன். இல்லாங்காட்டி நீ போமா. நான் இங்கியே கெடக்கிறேன்.”

தசரா விடுமுறை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்கவேண்டும். மரத்தைப் பெயர்த்து எடுத்துப்போக முடியுமா என்று நர்சரிக்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். வேர் துவைக்கிற கல்லுக்கு அடியில் போய், கழிவுநீர்த் தொட்டிச் சுவரையும் துளைத்துவிட்டதாம். தோண்டினால் மரம் பிழைக்காது.

மரம் வராது, அப்பாவும் வரமாட்டார். நான் என்ன செய்வேன், சொல். வயதான மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து, அழவைத்து, வண்டியில் ஏற்றுவதா? ஏற்றினாலும் அவர் எத்தனை நாள் இருப்பார்? உன்னைப் பறிகொடுத்த கையோடு அவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன், அம்மா. ஜீடிமெட்லாவில் லேபில் வேலை செய்யும்போதுகூட அதே நினைப்புதான். மருந்து சாம்பிளை ஒரு இடத்தில் வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் தேடுவேன்.

ஒரு நாள் டீ வேளையில், கூட வேலை செய்யும் பெண் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வீட்டிலேயே போன்சாய் செய்வது எப்படி என்று யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளை மரத்தில் இருக்கும்போதே அதற்கு வேர் வரவழைத்து, பிறகு அறுத்துத் தொட்டியில் வைக்கிறார்கள். வேறொன்றுமில்லை, நம் ஆட்கள் சொல்கிற பதியம்தான். விதை போட்டால் தண்டு தடிக்கவே வருஷக்கணக்காகும்; பதியம் போட்டால் பட்டை சுருங்கிய, வயசான கிளை முதல் நாளே கிடைத்துவிடும், அதனால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது சுலபம் என்றார்கள். எனக்குக் காரணம் வேறு. விதையிலிருந்து வருவது உன் மரத்தின் பிள்ளையாகத்தான் இருக்கும். பதியத்தில் வருவது உன் மரமேதான்.

மழை தொடங்கியதும் ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னலைப் பார்த்து நீண்டிருக்குமே, கட்டைவிரலைவிடத் தடித்த கிளை, மேலே போய் இரண்டாகப் பிரியும், அதைத் தேர்ந்தெடுத்தேன். சுற்றிலும் மோதிரம் போலப் பட்டையை உரித்து எடுக்கவேண்டும். கத்தியை வைத்ததும் எனக்குக் கை வரவில்லை. நீ தினமும் காலையில் தடவிக்கொடுத்த மரம். மெல்லிசாக, நூல் கட்டுகிற அகலத்துக்குத்தான் உரித்தேன். நனைத்த பாசியை அதன்மேல் வைத்து, பாலித்தீன் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்கிக் கட்டினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடி மாதத்தில் பிரித்துப் பார்த்தேன். ஒரு வேர்கூட இல்லை. மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் தடித்து வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உன் மரம் காயத்தை ஆற்றிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல நின்றது!

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இலையிலிருந்து இறங்கிவரும் சத்து, கீழே போக வழியில்லாமல் அந்த இடத்தில் தேங்கினால்தான் கிளை வேர் விடும். வழி இருக்கும்போது அது எதற்கு வேர் விடவேண்டும்? பட்டையை அகலமாக உரித்து, அதற்கடியில் வழுவழுவென்று இருக்கும் பச்சையையும் வெள்ளைக்கட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்திருக்கவேண்டும். பாவம் பார்த்ததில்தான் காரியம் கெட்டது. மழைக்காலம் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை தவறினால் நேரம் கிடையாது. நான் குழாயடியில் நின்று அழுதுவிட்டேன்.

அப்பா எழுந்து வந்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கிளையைப் பார்த்தார்.

“இது வெட்டா? பூனை பிராண்டினாப்பல கீது.”

“எனக்கு மனசு வரலப்பா.”

“மனசு வராதவ எதுக்குக் கத்தியத் தொட்ட? நவுரு.”

உள்ளே போய் அவருடைய இரும்புப் பெட்டியைக் கொண்டு வந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குழாய் பொருத்திய காலத்துக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டினார். இதுவரை எல்லாம் அவருடைய வழக்கம்தான். அதற்கப்புறம் நடந்ததை நீ கேட்கவேண்டும். நீ உயிரோடு இருந்த காலமெல்லாம் ‘இன்னாமே’ தவிர வேறொரு பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட்டிருக்கிறாரா? அன்றைக்குக் கிளையை இடது கையில் பிடித்துக்கொண்டு, “மேரி, கொஞ்சம் பொறுத்துக்கமே” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பாட்டுக்குக் கிளையைச் சுற்றி மேலே ஒரு வெட்டு, இரண்டு விரல் தள்ளிக் கீழே ஒரு வெட்டு வெட்டினார். பட்டை வளையல் மாதிரி கழன்று வந்தது. வெள்ளைக்கட்டை தெரியும்வரை சுரண்டினார். நான் வேர் வரவைக்கும் பொடியைத் தடவிப் பாசியை வைத்தேன்.

சுற்றிக் கட்டும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கேட்கவேண்டுமா! பாலித்தீன் மூன்று சுற்று. அதன்மேல் என் சப்பாத்தி டப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த அலுமினியத் தாள். அதன்மேல் கறுப்பு டேப், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு முனையிலும் சணல் கயிறு. ஆவிக் குழாய் ஒழுகக் கூடாதென்று கட்டின காலம் அப்படியே கைக்கு வந்துவிட்டது. கட்டி முடித்துத் தட்டிப் பார்த்தார்.

“இத்தத் தொறக்கவே கூடாது. ஜாயின்ட்டு போட்டா போட்டதுதான். தொறந்து தொறந்து பாத்தா எந்த ஜாயின்ட்டும் நிக்காது.”

“வேர் வந்துச்சா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?”

“வந்தா வரும்.”

பாலித்தீன் மட்டும் இருந்தால் வெளியிலிருந்தே வேர் தெரியும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இவர் கட்டிய கட்டில் வெளிச்சமே புகாது. அதிலிருந்து நானும் அவரும் அந்தப் பொட்டலத்தைச் சுற்றி வந்தோமே தவிர, உள்ளே என்ன நடக்கிறதென்று இருவருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லையில் தடதடவென்று சத்தம். உன்னுடைய பழைய விரோதிகள்தான். குரங்குக் கூட்டம் சுவரேறி வந்திருந்தது. அதில் பெரியது நேராக மாதுளைக்குத் தாவி, அலுமினியத் தாள் மினுக்கிய பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டது. யாரோ சப்பாத்தி சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கும். பல்லால் கடித்து இழுத்தது. கிளை வில்லாக வளைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பாவுக்கு அந்த முழங்காலோடு எப்படி ஓட முடிந்ததோ! நீ குரங்கு விரட்டுவதற்கென்றே வைத்திருந்த சொட்டை விழுந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்துக்கொண்டு, “நக்கோ ரே! சல் நிகல்!” என்று கத்தினார். உன் வார்த்தை, உன் ராகம். நீ போன பிறகு அந்தக் கொல்லையில் அது கேட்கவே இல்லை. குரங்கு ஒரு நிமிடம் திகைத்துப் பார்த்துவிட்டுத் தாவி ஓடிவிட்டது. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்ததோ என்னவோ.

பொட்டலத்தில் பல் பட்ட தடம் இருந்தது, டேப் கிழியவில்லை. என்னுடைய மிட்டாய்க் காகிதக் கட்டாக இருந்தால் பாசி தரையில் சிதறியிருக்கும். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா? பாத்தியா?” என்று அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வாரமே கிளையின் இலைகள் பழுக்க ஆரம்பித்தன. காற்றடித்தால் நாலு உதிரும். உள்ளே வந்த இளம் வேர் அந்த இழுப்பில் அறுந்துவிட்டதா, அல்லது வேரே வரவில்லையா? திறந்து பார்த்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிடுவார். நான் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன், அவர் தன் சட்டையைக்கூட எடுத்து வைக்கவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை என்று சொன்னால் பங்குச்சாமி கோபித்துக்கொள்வார். நம் மாதாவிடம் மட்டும் வேண்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

புரட்டாசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து நின்ற காலையில் குழாயடியிலிருந்து ஒரு சத்தம்.

“ரோஸி! இங்க வா!”

பொட்டலத்துக்கு மேலே, இலை உதிர்ந்த கணுக்களில், அரிசியளவு சிவப்புத் துளிர். ஒன்றிரண்டல்ல, கிளை நெடுக. மாதுளையின் புது இலை சிவப்பாகத்தான் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே.

அப்போதும் திறக்க விடவில்லை. துளிர் இலையாகி முற்றட்டும் என்றார். வீடு மாறுவதற்கு முந்தின சனிக்கிழமைதான் திறந்தோம். அவர் ஒட்டிய டேப்பை அவராலேயே பிரிக்க முடியவில்லை, கத்தரிக்கோல் தேய்ந்துவிட்டது. கடைசி பாலித்தீனை விலக்கியதும் பாசி முழுக்க வேர், அம்மா! வெள்ளையும் பழுப்புமாக, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, வெளியே வர இடமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. அப்பா அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“வேரு உட்டுக்கீதுமே” என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. என்னை அவர் ‘மே’ போட்டுப் பேசமாட்டார்.

வேருக்குக் கீழே ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். புதிதாக வேர் விட்டதை நேராகப் போன்சாய்த் தட்டில் வைத்தால் தாங்காது. முதல் வருஷம் ஆழமான தொட்டியில் இருக்கவேண்டும். தொட்டி எது தெரியுமா? கறி கழுவ நீ வைத்திருந்த அலுமினிய பேசின். அப்பா அதன் அடியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிட்டார். திட்டுவதாக இருந்தால் அவரைத் திட்டு. நான் தடுத்துத்தான் பார்த்தேன். ஆற்று மணல், உடைத்த செங்கல் துண்டு, மக்கின எரு மூன்றும் கலந்து போட்டு, பாசியை உதறாமல் அப்படியே நட்டோம். வேருக்குப் பாரம் கூடாதென்று இலையில் பாதியைக் கிள்ளிவிட்டேன்.

வீடு மாறுகிற அன்று நான் சாமான் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவைக் காணோம். கொல்லையில் இல்லை, உள்ளேயும் இல்லை. வாசலுக்கு ஓடினால், நான் பேசி வைத்திருந்த ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் பேசின். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரிடம், “ஜரா ஆஹிஸ்தா சலாவ் பாய், பச்சா ஹை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக ஓட்டு, குழந்தை இருக்கிறது என்று. திருமுல்கேரி வரும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பேசினைத் தூக்கித் தூக்கிப் பிடித்ததைப் பார்த்து நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

அங்கே நின்ற உன் மரத்தை வெட்டியிருப்பார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. உன்னிடம் மறைக்கக் கூடாதென்று சொல்கிறேன்.

இப்போது அது பால்கனியில் காலை வெயிலில் இருக்கிறது. போன்சாய் என்றால் டிவிக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைப்பது என்று நினைத்திருந்தேன். மாதுளை எவ்வளவு குட்டையாக இருந்தாலும் அதற்கு வெயில் வேண்டுமாம். மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். இதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் தினம் தகராறு. நீ மீன் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் மரத்துக்கு ஊற்றுவாய் அல்லவா, அவரும் ஊற்றப் பார்க்கிறார். இந்தச் சின்ன பேசினில் ஊற்றினால் வேர் அழுகும், வீடும் நாறும்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா பார்த்துவிட்டு, போன்சாய் வைத்தால் வீட்டில் இருப்பவர்களின் வளர்ச்சி நின்றுவிடும் என்று அக்கறையாகச் சொன்னார். அப்பா, “மேமு பெரிகிந்தி சாலம்மா” என்றார். நாங்கள் வளர்ந்தது போதும் என்று. அந்த அம்மாவே சிரித்துவிட்டார். போன வாரம் எலுமிச்சைச் செடி ஒன்றைக் கொண்டு வந்து, இதையும் குட்டையாக்க முடியுமா என்று கேட்கிறார்.

இனி சண்டைக்கு வருவோம். கிளைக்கு வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பி வாங்கியிருந்தேன். சுற்றலாம் என்று எடுத்தபோது காணோம். பார்த்தால் அப்பா அதில் கொசுவலையைக் கட்டியிருக்கிறார். கேட்டால், “அவ கையில கம்பி கட்டுவியா நீ?” என்கிறார். கண்காட்சியிலிருந்து வந்து நீ அவரிடமும் புலம்பியிருக்கிறாய் என்று தெரிந்துபோயிற்று. பரவாயில்லை, கம்பியே இல்லாமல் கத்தரித்துக் கத்தரித்தே வடிவம் கொண்டுவரும் வழியும் இருக்கிறது. நாளாகும், அவ்வளவுதான். எங்களுக்கு என்ன அவசரம்?

இந்தக் கடிதம் ஏன் என்று சொல்கிறேன். நாளைக்குப் பேசினை ஆட்டோவில் ஏற்றி உன்னிடம் கொண்டுவருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வேர் இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை, மறுபடி குலுக்கினால் ஆபத்து என்றேன். “அப்ப அவளுக்கு எப்படித்தான் தெரியும்? எல்லாத்தையும் எழுதிக்க. நான் படிச்சுக் காட்டறேன்” என்றார். ஆகவே இதுவரை நீ கேட்டது என் எழுத்து, அவர் குரல். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வருகிறேன்.

வாக்குக் கொடுக்கிறேன், அம்மா. வெட்டுவேன், கட்டமாட்டேன். முதல் வருஷம் பூ வந்தால் கிள்ளிவிடுவேன், வேர் பலப்படவேண்டும். அதற்கு அப்பா என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. சோறு போடுகிறேனா என்று நீ கேட்பதற்குள் எரு வைத்துவிடுவேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு மரமே உன்னைப் பார்க்க வரும். யார் மடியில் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. கொஞ்சம் தாமதமானால் தேடாதே. ஆட்டோ மெதுவாகத்தான் வரும்.

மீன் தண்ணீருக்கும் பேசினுக்கும் நடுவில் காவல் நிற்கும்
உன் மகள்
ரோஸி